நோயாளி உட்காரும் ஸ்டூல்

ஜானு மாமிக்குக் கோபமே வராது என்று எங்கள் அடுக்குமாடியில் ஒரு பேர் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்து, அவர் காயப் போட்டிருந்த வடாம் மொத்தமும் கரைந்து போனபோதுகூட, "போகட்டும், வேற பிழிஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மோட்டார் போட்டவனை நான்தான் கீழே இறங்கிப் போய்த் திட்டிவிட்டு வந்தேன்.

என் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். என் கணவர் ஜவஹர் எதிர் வீட்டுக் கதவைக் கையால் காட்டுவார். "ஜானு மாமியைப் பாரு. அந்தப் பொறுமையில கால்வாசி உனக்கு உண்டா?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பொறுமையின் மேலேயே ஒரு வெறுப்பு வந்திருந்தது. நான் திருநெல்வேலிக்காரி. தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. நூறு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கலர் பிடிக்கலை" என்று எழுந்து போகிறவர்களுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த வீட்டை நாங்கள் வாங்கிக்கொண்டு வந்தபோதே மாமி அப்படித்தான் இருந்தார். மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருப்பார். பொங்கி வழிந்தபிறகு திரும்பிப் பார்ப்பார். ஒரு காலத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர் என்று யாரோ சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. காய்க்காரன் சொல்லுகிற கூட்டலை அப்படியே ஒப்புக்கொள்கிற கணக்கு டீச்சரை நான் பார்த்ததில்லை.

"ரத்தக் கொதிப்பு அவளுக்கு. அதான் வேலையை விட்டுட்டா" என்பார் வேம்பு மாமா. அவர் மாமியின் கணவர், மத்திய அரசு ஆபீஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். "கோபப்படவே கூடாது. பட்டா, தலையில நரம்பு வெடிச்சுடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். மாத்திரைலதான் ஓடறது." மாமி அதைக் கேட்டுத் தலையாட்டுவார். நானும் பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், அவர்கள் பெண் மதுவந்தி இங்கிலாந்தில் லெஸ்டர் என்கிற ஊரில் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு அம்மாவும் அப்பாவும் போய் ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு. விசா வந்தது, டிக்கெட் வந்தது, ஊறுகாய்க்கு மாங்காய் வந்தது. அப்புறம்தான் மதுவந்தியின் போன் வந்தது. அவள் சொன்னதை மாமி அன்று சாயங்காலமே என்னிடம் வந்து சொன்னார்.

"அங்க போனதும் அவா ஏரியா டாக்டர்கிட்ட என் பேரைப் பதியணுமாம். இனிமே மாத்திரையெல்லாம் அவர்தான் எழுதித் தரணுமாம். என்ன வியாதி, என்ன மாத்திரை, எத்தனை வருஷமா, எல்லாம் கேப்பாராம். அதுவும் என்னைத்தான் கேப்பாராம். பத்து நிமிஷம்தான் குடுப்பாராம், தயார் பண்ணிண்டு வான்னு மது சொல்றா. எனக்கு உதறலா இருக்கு சந்திரிகா. நான் டாக்டர்கிட்டப் பேசினதே இல்லை."

"பேசினதே இல்லைன்னா? இத்தனை வருஷமா போறீங்களே?"

"இவர்தான் பேசுவார். நான் பின்னாடி நிப்பேன்."

நான் நம்பாமல் மறுபடி கேட்டேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் டாக்டர் கஸ்தூரிரங்கனின் கிளினிக். கைராசிக்காரர் என்று அந்த வட்டாரம் முழுக்கப் பேர். அவர் மேஜைக்குப் பக்கத்தில் நோயாளி உட்காருவதற்கு ஒரு இரும்பு ஸ்டூல். அதில் வேம்பு மாமா உட்காருவாராம். மாமி அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பாராம். நாடி பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மாமா கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, மாமி நின்றபடியே கையை நீட்டுவாராம். அப்புறம் கம்பவுண்டர் வெள்ளை மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு மாமா கையில் கொடுப்பார். பேர் ஊர் ஒன்றும் இருக்காது. கைராசி டாக்டரிடம் மாத்திரையின் பேரைக் கேட்பது, கோயிலில் பிரசாதத்துக்கு என்னென்ன போட்டீர்கள் என்று கேட்பது மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள்.

"சரி, உக்காருங்க. நான்தான் வெள்ளைக்கார டாக்டர். பழகிப் பாத்துருவோம்" என்றேன்.

கடைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் நான்தான் பேசுவேன். இலக்கணம் இருக்காது, ஆனால் புடவை விற்றுவிடும். மாமியின் இங்கிலீஷோ என்னுடையதைவிட நூறு மடங்கு மேல். அவர் பாடம் நடத்தியதே அதில்தான். ஆக, பாஷை ஒரு பிரச்சினையே இல்லை. மறுநாள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமி. ஹாலில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?" என்றேன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

மாமியின் கண் தானாக ஹால் பக்கம் திரும்பியது. பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "பி.பி."

"நான் உங்களைக் கேக்கலை மாமா. மாமி, உங்களுக்கு என்ன செய்யுது? தலை சுத்துதா, வலிக்குதா?"

மாமி மறுபடி ஹாலைப் பார்த்தார். "சில நாள் தூக்கக் கலக்கமா இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் சொல்ல வேண்டாம்" என்றது பேப்பர். "பி.பி.ன்னு சொன்னாப் போறும்."

"என்ன மாத்திரை சாப்பிடுதீய?" எனக்குக் கோபம் வந்தால் திருநெல்வேலியும் கூடவே வந்துவிடும்.

"வெள்ளை" என்றார் மாமி. சொன்னவருக்கே அது அசிங்கமாக இருந்தது போல. முகம் சிவந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவர், தான் தினமும் விழுங்குகிற மாத்திரைக்கு நிறத்தைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. "ஏன்னா, அதுக்குப் பேர் என்ன?" என்று மாமி கேட்டார்.

மாமா பேப்பரை மடித்தார். "அதெல்லாம் கேட்டா டாக்டர் மனசு கஷ்டப்படும். நம்மளை நம்பலையான்னு நினைப்பார். ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டித் தரச் சொல்லிட்டேன். அங்க எந்த டாக்டரையும் பார்க்க வேண்டாம். மதுகிட்ட நான் பேசிக்கறேன்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? கொதிப்பு மாத்திரையின் பேரைக் கேட்டால் எந்த டாக்டருக்கு மனசு கஷ்டப்படும்? நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். மாமியும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. ஆனால் எழுந்து போய்ப் பாலை இறக்கினார். அன்று பால் பொங்கவில்லை.

அடுத்த நாள் மாமா சபாவில் கச்சேரிக்குப் போயிருந்த நேரம் மாமி என் வீட்டு மணியை அடித்தார். பட்டுக்கரை போட்ட நூல் புடவை, தலையில் கொஞ்சம் மல்லிகை.

"டாக்டரைப் பார்க்கப் போறேன். நீ வரியா?"

"வாரேன். ஆனா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அது உன்னால முடியாது" என்றார் மாமி. அவர் என்னைக் கிண்டல் செய்ததே அதுதான் முதல் தடவை.

கிளினிக்கில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "வேம்பு சார் வரலையா?" என்றார். டாக்டரும் அதையேதான் கேட்டார். நல்ல மனிதர், நெற்றி நிறையத் திருமண், சிரித்த முகம். "வாங்கோ, வாங்கோ. வேம்பு எங்கே?"

"அவர் வரலை."

"அப்போ யார் பேசறது?" என்று சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். மாமி வழக்கமாக நிற்கும் இடத்திலேயே, காலியான ஸ்டூலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது. பிறகு ஸ்டூலைப் பிடித்து, தரை கிறீச்சிட மேஜைக்குக் கிட்டே இழுத்து, அதில் உட்கார்ந்தார்.

"நான்தான் பேசறேன். எனக்கு நீங்க குடுக்கறது என்ன மாத்திரை?"

"உங்களுக்கு ஒத்துண்டிருக்கோல்லியோ? அப்புறம் பேர் எதுக்கு? லண்டன் போறேள்னு வேம்பு சொன்னார். எல்லாம் கட்டி வெச்சாச்சு."

"எங்கிட்டப் படிச்ச பொண்ணுகள் வெறும் விடையை மட்டும் எழுதி வெச்சா நான் மார்க் போட மாட்டேன் டாக்டர். வழியைக் காட்டணும். நீங்க இத்தனை வருஷமா எனக்கு விடையை மட்டும் குடுத்துண்டிருக்கேள். என்ன வியாதி, என்ன மாத்திரை? சொல்லுங்கோ."

டாக்டர் பேனாவை மூடினார். "டயஸிபாம். கொஞ்சம்தான். மனசைச் சாந்தமா வெச்சுக்கும்."

"பி.பி.க்கா?"

"உங்களுக்கு ஏது பி.பி.?" என்றார் டாக்டர். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வேம்பு சொல்லலையா? நீங்க ஓயாம கத்தறேள், பாத்திரத்தை விட்டெறியறேள், ஆத்துல நிம்மதியே இல்லைன்னு அவர்தான் அழைச்சுண்டு வந்தார். அன்னிக்கு நீங்க வாயே திறக்கலை. கண்ணெல்லாம் செவந்திருந்தது. நரம்புத் தளர்ச்சின்னு நினைச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் ரொம்ப அமைதியாயிட்டா, இதையே தொடரலாம்னார்."

ஊரே மெச்சிய பொறுமை, என் புருஷன் என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிய பொறுமை, காகித உறையில் கட்டிக் கொடுத்ததா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு முழுப் பெண்பிள்ளையை மறைத்து வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். மேஜை மேலிருந்த எதையாவது எடுத்து உடைக்கலாம் போல இருந்தது.

மாமி எதையும் உடைக்கவில்லை. "நான் ஏன் கத்தினேன்னு கேட்டேளா?" என்றார்.

டாக்டர் மூடிய பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இவர் ரிடையர் ஆன மறு வாரம் எங்க ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பார்த்திருக்கார். 'என் ஒய்ஃபுக்கு உடம்பு முடியலை, இனிமே வேலைக்கு வர மாட்டா'ன்னு சொல்லிட்டு வந்திருக்கார். எனக்குத் தெரியாது. காலம்பற நான் கிளாஸுக்குப் போறேன், என் நாற்காலியில வேற ஒருத்தி உட்கார்ந்திருக்கா. பொண்ணுகள் எல்லாம் என்னையே பார்க்கறதுகள். ஹெட்மிஸ்ட்ரஸ் என் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கோங்கோன்னு அனுப்பறா. எதுக்கு இப்படிப் பண்ணினேள்னு ஆத்துக்கு வந்து கேட்டா, 'பகல்ல காப்பி போட ஆள் வேணுமே'ங்கறார். கத்தினேன். டபராவை விட்டெறிஞ்சேன். சுவத்துல பட்டுது, அவர் மேல படலை. அது வியாதியா டாக்டர்?"

"குடும்பம்னா அமைதி வேணுமோல்லியோ. நான் நல்ல எண்ணத்துலதான்..."

"யாரோட அமைதி?"

அந்த மனிதருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சொல்லத்தான் வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். மாமி கேட்டபடியே ஒரு சீட்டில் மாத்திரையின் பேரையும் அளவையும் எழுதிக் கொடுத்தார். "கோபத்துல சட்டுனு நிறுத்திடாதீங்கோ. உடம்பு தாங்காது. ஒரு டாக்டரைப் பக்கத்துல வெச்சுண்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அங்க போய் அவாகிட்டயே சொல்லுங்கோ" என்றார்.

"சொல்லத்தான் போறேன்" என்று மாமி எழுந்தார்.

வெளியே ஆட்டோ பிடித்தோம். நூர் முஹம்மது என்று கண்ணாடிக்கு மேல் பேர் எழுதியிருந்தது. மாமியின் பூவையும் புடவையையும் பார்த்துவிட்டு அவர், "இன்னாமா, கோயிலுக்குப் போய்க்கினு வர்றீங்களா?" என்றார்.

"இல்லைப்பா. சண்டை போட்டுட்டு வரேன்."

"அப்டி போடு!" என்று ஆட்டோவை உதைத்துக் கிளப்பினார். மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே லஸ் முனை வரைக்கும் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேம்பு மாமா கச்சேரியிலிருந்து திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன், மாமி சொல்லவில்லை. அதனால் நானும் போகவில்லை.

"ஏன்னா, எனக்கு பி.பி.யே இல்லையாமே."

ஊஞ்சல் நின்றது. மாமா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "யார் சொன்னா? அவர் ஏதோ மறந்துபோய்..." என்று ஆரம்பித்தவர், மாமியின் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "எல்லாம் உன் நல்லதுக்குத்தானே ஜானு. ஆத்துல எவ்வளவு அமைதியா இருந்தது!"

"நான் கோபப்பட்டா செத்துப் போயிடுவேன்னு சொன்னேளே. பயந்து பயந்து, கோபம் வரப்போறாப்பல இருந்தாலே பூஜை ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துப்பேனே. தெரியுமா உங்களுக்கு?"

"ஜானு, கத்தாதே. அக்கம்பக்கத்துல..."

"அக்கம்பக்கம் இங்கதான் நிக்குது மாமா" என்றேன் நான்.

மாமி அப்போது கத்தியிருக்கவே இல்லை. அதுதான் வேடிக்கை. சாதாரணக் குரலில், வகுப்பில் பேசுகிற மாதிரி சொன்னார்: "நீங்க லெஸ்டருக்கு வர வேண்டாம். உங்க டிக்கெட்டைக் கான்சல் பண்ணுங்கோ. என் வியாதியை நானே சொல்லிக்கறேன். வியாதி இல்லைங்கறதையும் நானே சொல்லிக்கறேன்."

மாமா ஊஞ்சலிலிருந்து எழுந்தார். அவர் கடைசியில் கேட்டது என்ன தெரியுமா? பெண்ணைப் பார்க்க முடியாதே என்றா? பேரக்குழந்தை என்றா? இல்லை. "ஆறு மாசம் எனக்கு யார் காப்பி போடறது?" என்றார்.

"ரெண்டு கை இருக்குல்லா மாமா? அடுப்பு எங்க இருக்குன்னு நான் காட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் என் வீட்டுக்காரரிடம், இனிமேல் எதிர் வீட்டுக் கதவை எனக்குக் காட்டினால் என்ன நடக்கும் என்பதையும் விளக்கமாகச் சொன்னேன். அவர் அன்று சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

கிளம்பும்வரை மாமியும் நானும் தினமும் பழகினோம், இப்போது என் வீட்டு மேஜையில். நான் கேட்பேன், மாமி பதில் சொல்வார். முதலில் எல்லாம் சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று. நடுவில் அழுகை வந்துவிடும். "பத்து நிமிஷந்தான் மாமி. அழுகைக்கு நேரம் கிடையாது" என்று அதட்டுவேன். நாளாக ஆக அது சுருங்கியது. கடைசியில், "எனக்கு நோய் கிடையாது. நியாயமான கோபம் வந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வர எனக்கு உதவி வேண்டும்" என்று இங்கிலீஷில் நாலே வாக்கியத்தில் வந்து நின்றது. சொல்லும்போது கண் எங்கேயும் திரும்பவில்லை. மீனம்பாக்கத்தில் வழியனுப்பியபோது மாமா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமி அவரிடம் பால்காரனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போய்க் கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டு போன் அடித்தது. மாமிதான். குரல் கம்பீரமாக இருந்தது.

"டாக்டரைப் பார்த்தேன் சந்திரிகா. மாப்பிள்ளை அனிருத் கூட வந்தார். அந்த ரூம்ல ரெண்டு நாற்காலி. ஒண்ணு டாக்டர் பக்கத்துல, ஒண்ணு சுவரோரம். மாப்பிள்ளை எனக்கு உதவி பண்றதா நினைச்சுண்டு கிட்ட இருந்ததுல போய் உட்கார்ந்துட்டார். நான் சுவரோரம். அந்த டாக்டர் அவரைப் பார்த்து, இவங்க எவ்வளவு நாளா இதைச் சாப்பிடறாங்கன்னு கேக்கறார்!"

"அங்கயுமா?" என்றேன். வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நானே நினைத்திருந்தேன்.

"அங்கயும்தான். நான் எழுந்தேன். 'மாப்பிள்ளை, அது நோயாளி உட்கார்ற இடம், எழுந்திருங்கோ'ன்னேன். பாவம், துள்ளி எழுந்தார். உட்கார்ந்துண்டு, 'டாக்டர், நான் இங்கதான் இருக்கேன். என்னைக் கேளுங்கோ'ன்னேன். அப்புறம் நம்ம நாலு வாக்கியம். அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுண்டு வரார். ராத்திரி தூக்கம் இல்லை, கை நடுங்கறது. பரவாயில்லை. பதினேழாம் வாய்ப்பாடு தடுக்காம வரது சந்திரிகா! நேத்திக்கு மதுகிட்டச் சொல்லிக் காட்டினேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேம்பு மாமா. கையில் ஒரு கிண்ணம். உறை குத்த மோர் வேண்டுமாம். சட்டையில் காப்பிக் கறை இருந்தது. போனைப் பார்த்ததும் அவருக்கு யார் என்று புரிந்துவிட்டது. வாசற்படியிலேயே நின்றபடி, என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"ஜானு எப்படி இருக்காளாம்?"

நான் ரிசீவரை நீட்டினேன். "அவிய லைன்லதான் இருக்காவ. அவியகிட்டயே கேளுங்க."

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டார்.

பதில் அத்தனை கடல் தாண்டி வந்தது. மோர் எடுக்கச் சமையலறைக்குப் போன எனக்கே கேட்டது.